லேசான டெஸ்க்டாப்: எது ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது

பழைய கணினியில் லினக்ஸ் போட நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். எந்த டெஸ்க்டாப் ரேமைக் குறைவாகச் சாப்பிடும்? எக்ஸ்எஃப்சிஇ நல்லதா, எல்எக்ஸ்கியூட்டி நல்லதா, வெறும் ஓப்பன்பாக்ஸே போதுமா? பதிலுக்கு யாராவது ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பி நிறுவினால், கொஞ்ச நாளில் கணினி பழையபடி இழுக்க ஆரம்பித்துவிடும். டெஸ்க்டாப் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது, பின்னணியில் ஓடும் பத்துப் பன்னிரண்டு சிறு நிரல்களின் கூட்டம். எந்த வேலையை எந்த நிரல் செய்கிறது, அந்த வேலை நமக்கு வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எடை உண்மையிலேயே குறையும். பெயரை மாற்றுவதால் குறைவது கொஞ்சம்தான்.

இது எனக்குத் தெளிவானது, 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை அடியிலிருந்து கட்டியபோதுதான். ஏற்கெனவே எல்லாம் சேர்த்துத் தரும் விநியோகங்கள் நிறைய இருக்கின்றன. ஐஸ்டபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரை வைத்து வரும் ஆன்டிஎக்ஸ் இருக்கிறது, எக்ஸ்எஃப்சிஇ-யோடு வரும் ஜுபுன்டு இருக்கிறது, 2018-இல் எல்எக்ஸ்டிஇ-யிலிருந்து எல்எக்ஸ்கியூட்டிக்கு மாறிய லுபுன்டு இருக்கிறது. அவசரமாக ஒரு கணினியைத் தயார் செய்ய வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், தப்பே இல்லை. நான் அடியிலிருந்து போனதற்குக் காரணம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் செயலி 64 பிட்டா? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே கிடையாது. அதற்கு முந்தைய 12-ஆம் பதிப்புதான் கடைசி. பழைய கணினி என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பாலானவை 64 பிட்தான், ஆனால் மிகப் பழைய நெட்புக்குகளில் சில அப்படி இருக்காது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. முன்பெல்லாம் டெபியன் நிறுவும்போது வைஃபை வேலை செய்யாமல் போவது வாடிக்கை. வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி பென்டிரைவில் ஏற்ற வேண்டியிருக்கும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவு செய்தபடி, 12-ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபர்ம்வேர் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. இந்த ஒரு மாற்றம் எத்தனையோ பேரை முதல் அரை மணி நேரத்திலேயே விட்டுவிட்டுப் போகாமல் காப்பாற்றியிருக்கும்.

நெட்இன்ஸ்ட் என்ற சிறிய நிறுவியைத்தான் பயன்படுத்தினேன். ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கான கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால், முதல் பயனருக்கே சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைத்துவிடும். அது வசதி. கடைசியில் எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப் சூழல் என்ற வரிசையில் ஏற்கெனவே குறி போட்டிருக்கும். அப்படியே விட்டால் க்னோம் என்ற பெரிய டெஸ்க்டாப் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்பேஸ் பொத்தானை அழுத்தி எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் வைத்தேன். நிறுவி முடிந்து மறுபடி தொடங்கினால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் ஒரு வரி. அவ்வளவுதான்.

இங்கிருந்து மேலே கட்டும்போது கவனிக்க வேண்டியது, டெபியனில் மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட் எதை எல்லாம் கூடவே இழுத்து வருகிறது என்பதை. டெபியனில் ஒவ்வொரு பொதிக்கும் கட்டாயமாகத் தேவைப்படுபவை ஒரு பட்டியல், இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கப்படுபவை இன்னொரு பட்டியல். இயல்பாக ஆப்ட் இரண்டையும் நிறுவும். பரிந்துரைகளை நிறுவாதே என்று கட்டளையில் சொல்லிவிட்டால் கட்டாயப் பட்டியல் மட்டும் வரும். எக்ஸ்எஃப்சிஇ-க்கான முழுத் தொகுப்பைக் கேட்டால் அலுவலகப் பயன்பாடுகள் வரை கூடவே வந்துவிடும். ஆனால் எல்லாப் பரிந்துரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவதும் சரியல்ல. பரிந்துரைகளில் சில, இல்லாவிட்டால்தான் அருமை தெரிகிற ரகம்.

அப்படித்தான் முதலில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வர், ஓப்பன்பாக்ஸ், உள்நுழைவுத் திரைக்கு லைட்டிஎம் என்று மூன்றை மட்டும் போட்டேன். உள்நுழைந்தால் சாம்பல் நிறத் திரை. ஒரு ஐகான் கிடையாது, கடிகாரம் கிடையாது. வலது சொடுக்கு போட்டால் மட்டும் ஒரு மெனு விரியும். அதில் டெர்மினலைத் திறந்து நினைவகத்தைப் பார்த்தேன்: சுமார் 250 எம்பி. கணினி புதிதாக வாங்கியது போலப் பறந்தது. ஜன்னல்கள் சொடுக்கிய கணத்தில் திறந்தன. ஓப்பன்பாக்ஸ் ஒரு விண்டோ மேனேஜர் மட்டுமே. ஜன்னலுக்குச் சட்டம் போடும், நகர்த்தும், பெரிதாக்கும், மூடும், விசைகளுக்கு வேலை ஒதுக்கும். மற்றபடி எதையும் தொடாது.

அதன் பிறகு அந்தக் கணினியில் வழக்கமான வேலைகளைச் செய்ய ஆரம்பித்தேன். அங்கேதான் பாடம் தொடங்கியது.

பென்டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவேட்டைப் பார்த்தால், சாதனம் வந்ததை அது சரியாகக் குறித்துவைத்திருக்கிறது. ஆனால் அதைத் திறந்து ஒரு கோப்புறையாகக் காட்டுவது கெர்னலின் வேலை இல்லை. யூடிஸ்க்ஸ் என்ற சேவை அதைச் செய்யும்; செய் என்று அதனிடம் சொல்ல ஒரு கோப்பு மேலாளர் பின்னணியில் காத்திருக்க வேண்டும். பிசிமேன்எஃப்எம்மை நிறுவி, அமர்வு தொடங்கும்போதே பின்னணியில் ஓடும்படி ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பென்டிரைவ் திறந்தது.

அப்புறம் வைஃபை. நெட்வொர்க்மேனேஜர் சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் புது இணைப்பின் கடவுச்சொல்லை என்னிடம் கேட்க ஆள் இல்லை. டெர்மினலிலேயே மெனு காட்டும் என்எம்டியுஐ கருவி உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். ஐகானாக வேண்டுமென்றால் என்எம்-ஆப்லெட் வேண்டும். அந்த ஐகான் உட்கார ஒரு இடம் வேண்டும், ஆகவே ஒரு பேனல் வேண்டும். டின்ட்2 வந்தது. அதோடு கடிகாரமும் ஜன்னல் பட்டியலும் வந்தன.

ஒலியைக் கூட்டும் விசையை அழுத்தினால் சத்தம் கூடவில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி எக்ஸ் சர்வருக்குப் போகிறது, அதை வாங்கி எதையாவது செய்ய யாரும் இல்லை. ஓப்பன்பாக்ஸின் ஆர்சி.எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் அந்த விசைக்கு ஒரு கட்டளையைக் கட்டினேன். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளுக்கும் அதே கதை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம், வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிபார்ட்டட் கருவியில் கிடைத்தது. மெனுவில் அதன் பெயரைச் சொடுக்கினேன். ஒன்றுமே வரவில்லை. பிழைச்செய்திகூட இல்லை. டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்த்தபோதுதான், நிர்வாகி அனுமதி பெற அது போல்கிட்டிடம் போகிறது, போல்கிட் பயனரிடம் கடவுச்சொல் கேட்க ஒரு முகவரைத் தேடுகிறது, முகவர் யாரும் பதிவு செய்திருக்கவில்லை என்பது புரிந்தது. பெரிய டெஸ்க்டாப்களில் கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னப் பெட்டி எழும்பும் அல்லவா, அதுதான் இந்த முகவர். அது ஒரு தனி நிரல் என்பதே அதுவரை கண்ணில் பட்டதில்லை. எல்எக்ஸ்போல்கிட் என்ற மிகச் சிறிய நிரலை ஆட்டோஸ்டார்ட்டில் சேர்த்ததும் பெட்டி எழும்பியது.

நகலெடுத்து ஒட்டுவதிலும் இதே மாதிரி ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு ஜன்னலில் ஒரு பத்தியை நகலெடுத்துக்கொண்டு, அந்த ஜன்னலை மூடிவிட்டு, இன்னொன்றில் ஒட்டினால் ஒன்றும் வராது. எக்ஸ் முறையில் நகலெடுத்த உரை நடுவில் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. எந்தப் பயன்பாட்டில் நகலெடுத்தீர்களோ அதனிடமே இருக்கும். ஒட்டும்போது அந்தப் பயன்பாட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அது மூடப்பட்டால் உரையும் போச்சு. முழு டெஸ்க்டாப்களில் ஒரு கிளிப்போர்டு மேலாளர் முந்திக்கொண்டு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.

மடிக்கணினியை மூடினால் தூங்கியது. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்ட் அதைப் பார்த்துக்கொள்கிறது. திறந்தால் கடவுச்சொல் கேட்காமல் திரை அப்படியே நின்றது, பூட்டுவதற்கு ஆள் இல்லாததால். பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லவும் யாரும் இல்லை. அறிவிப்புகளைக் காட்ட டன்ஸ்ட், பூட்ட ஒரு நிரல், பேட்டரியைக் கவனிக்க ஒன்று, தீமும் எழுத்துருவும் அமைக்க எல்எக்ஸ்அப்பியரன்ஸ், பின்னணிப் படத்துக்கு எஃப்இஎச். ஒவ்வொன்றும் மிகச் சிறியது. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு மட்டும்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்த பிறகு மறுபடி நினைவகத்தைப் பார்த்தேன். சுமார் 350 எம்பி. அதே கணினியில் பரிந்துரைகள் இல்லாமல் நிறுவிய எக்ஸ்எஃப்சிஇ எடுத்துக்கொண்டது 400-ஐக் கொஞ்சம் தாண்டி. வித்தியாசம், ஒரு கனமான இணையப் பக்கத்தைத் திறந்தால் காணாமல் போகும் அளவு. அந்த வேலைகள் எப்படியும் யாராவது செய்தாக வேண்டியவை. ஓப்பன்பாக்ஸில் நான் கைகளால் ஒட்டவைத்ததை, எக்ஸ்எஃப்சிஇ ஒரே நூலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்பகுதிகளின் தொகுப்பு) மேல், ஒன்றையொன்று தெரிந்த நிரல்களாகக் கட்டித் தருகிறது.

நூலகம் என்பது இங்கே முக்கியம். எக்ஸ்எஃப்சிஇ ஜிடிகே மேல் நிற்கிறது, எல்எக்ஸ்கியூட்டி க்யூட் மேல் நிற்கிறது. ஒரே நூலகத்தைப் பத்து நிரல்கள் பயன்படுத்தினால், அதன் நிரல்பகுதி நினைவகத்தில் ஒரு பிரதியாகத்தான் இருக்கும், பத்தும் பகிர்ந்துகொள்ளும். ஜிடிகே டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு க்யூட் பயன்பாட்டைத் திறந்தாலும் அந்த ஒன்றுக்காகவே க்யூட் நூலகங்கள் எல்லாம் ஏற வேண்டும். தடை ஒன்றும் இல்லை, தேவையென்றால் திறக்கலாம். ஆனால் நாள் முழுக்கத் திறந்துவைக்கும் பயன்பாடுகள் டெஸ்க்டாப்போடு ஒரே குடும்பமாக இருந்தால், குறைந்த ரேம் உள்ள கணினியில் அது தெரியும். பிடிஎஃப் படிக்க எது, உரை திருத்த எது, படம் பார்க்க எது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அவை எந்த நூலகத்தில் எழுதப்பட்டவை என்று பார்த்து அதற்கேற்ற டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வழக்கம். தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் நாம் பயன்படுத்துவது பயன்பாடுகளைத்தானே.

இந்த நூலக விஷயம்தான் லேசான டெஸ்க்டாப்களின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. ஒலிவியே ஃபூர்தான் 1996 இறுதியில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தொடங்கியபோது அது எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற நூலகத்தின் மேல் இருந்தது. அந்த நூலகம் அப்போது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் விநியோகங்கள் தயங்கின. அவர் ஜிடிகே-யில் முழுவதையும் திரும்ப எழுதினார். தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-இல் எல்எக்ஸ்டிஇ-யைத் தொடங்கினார். ஜிடிகே-யின் 3-ஆம் பதிப்பில் திருப்தி இல்லாமல், 2013-இல் தன் கோப்பு மேலாளரை க்யூட்டில் எழுதிப் பார்த்தார். அது ரேசர்-க்யூட் என்ற இன்னொரு லேசான டெஸ்க்டாப்பின் குழுவோடு இணைப்பாக முடிந்து, 2014-இல் எல்எக்ஸ்கியூட்டியின் முதல் வெளியீடு வந்தது. எக்ஸ்எஃப்சிஇ ஜிடிகே 3-க்கு மாறிய விதம் வேறு. 2015-இல் 4.12 வந்தது, மாற்றத்தை முடித்த 4.14 வர 2019 ஆகிவிட்டது. இந்த நிதானத்தைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் பெரிய பலம். ஒருமுறை அமைத்தால் வருடக்கணக்கில் அதே இடத்தில் அதே பொத்தான் இருக்கிறது. கணினியை வேலைக்காகத் திறக்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

சரி, எக்ஸ்எஃப்சிஇ-க்கு வந்தேன். ஓப்பன்பாக்ஸில் ஒவ்வொன்றாகச் சேர்த்த அனுபவம் இருந்ததால், இங்கே எதைக் கழிப்பது என்று தெரிந்திருந்தது.

முதலில் காம்போசிட்டர். ஜன்னலுக்கு நிழல், ஒளிபுகும் தன்மை போன்றவற்றுக்காக ஒவ்வொரு ஜன்னலையும் தனியாக வரைந்து பின்பு சேர்ப்பது இது. விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் பகுதியின் கடைசித் தாவலில் ஒரு குறியை எடுத்தால் நின்றுவிடும். பழைய கிராபிக்ஸ் சிப் உள்ள கணினியில் ஜன்னல்களை இழுக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் சில கணினிகளில் இதை நிறுத்தினால் வீடியோவின் நடுவே குறுக்காகக் கிழிந்த மாதிரி ஒரு கோடு ஓடும். அப்படி ஓடினால் திரும்பப் போட்டுவிடுங்கள். படம் பார்க்கும்போது கண் உறுத்துவதைவிட அந்தச் சின்னச் செலவு பரவாயில்லை.

அடுத்தது தானாகத் தொடங்கும் நிரல்கள். செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் பகுதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. புளூடூத் ஆப்லெட், அச்சு வரிசை ஆப்லெட், புதுப்பிப்பு அறிவிப்பான் என்று வரிசையாக நிற்கும். புளூடூத்தே இல்லாத கணினியில் புளூடூத் ஆப்லெட் ஓடுவதில் அர்த்தமில்லை, எடுத்துவிட்டேன். இங்கே குறியை எடுப்பது எதையும் அழிப்பதில்லை. உங்கள் வீட்டுக் கோப்புறையின் ஆட்டோஸ்டார்ட்டில் அதே பெயரில் ஒரு சிறு கோப்பு உருவாகி, இதை மறை என்று ஒரு வரி எழுதப்படுகிறது. பொதுவான கோப்பு அப்படியே இருக்கும், இன்னொரு பயனர் உள்நுழைந்தால் அவருக்கு எல்லாம் ஓடும். எதையும் பொதியாக நீக்குவதற்கு முன் இப்படி நிறுத்திப் பார்ப்பது பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ரேமை மிச்சப்படுத்த இவற்றையெல்லாம் நிறுத்துங்கள் என்று வரும் பட்டியல்களில் ஏடி-எஸ்பிஐ என்ற பெயர் அடிக்கடி இருக்கும். அது திரையைப் படித்துக் காட்டும் கருவிகளுக்கும் பயன்பாடுகளுக்கும் நடுவே பேசும் சேவை. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் அந்தக் கணினியைப் பயன்படுத்தக்கூடும் என்றால் அதில் கை வைக்கவே கூடாது. மற்றவர்களுக்கும் அதை நிறுத்துவதால் கிடைப்பது சொற்பம்.

அளவுக்கு மீறியது என்று சொல்லத்தக்க ஒரே விஷயம் படச் சிறுவுருக்கள்தான். துனார் கோப்பு மேலாளரில் புகைப்படங்கள் நிறைந்த ஒரு கோப்புறையைத் திறந்தால் டம்ப்ளர் என்ற சேவை விழித்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் சிறுவுரு தயாரிக்கும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடும், கணினி திணறும். துனாரின் விருப்பத்தேர்வுகளில் சிறுவுரு வேண்டாம் என்றோ, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு வேண்டாம் என்றோ சொல்லிவிடலாம்.

கணினி தொடங்க நேரமாகிறதே என்பவர்கள் சிஸ்டம்டி-அனலைஸ் கருவியைப் பார்ப்பார்கள். அதன் பிளேம் பட்டியலில் மேலே நிற்பதெல்லாம் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் சேவை அங்கே பெரிய எண்ணோடு நிற்கும், ஆனால் அது மற்றவற்றோடு இணையாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். எது எதற்காகக் காத்திருந்தது என்று காட்டும் கிரிட்டிக்கல்-செயின் பட்டியல்தான் பயன்படும். நான் நிறுத்தியது மோடம்மேனேஜரை. சிம் போடும் டாங்கிள் என்னிடம் இல்லை. அச்சுப்பொறி இல்லாததால் அச்சுச் சேவையான கப்ஸையும் நிறுத்தினேன். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும்.

அமைப்புகள் எல்லாம் வீட்டுக் கோப்புறைக்குள் எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற பெயரில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக உட்கார்ந்திருக்கும். அதை நகலெடுத்தால் இன்னொரு கணினியில் அதே டெஸ்க்டாப்பை எழுப்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் உள்நுழைந்திருக்கும்போது அந்தக் கோப்புகளைக் கையால் திருத்தினால் மாற்றம் நிற்காது. எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற சேவை அமைப்புகளைத் தன் நினைவில் வைத்திருக்கிறது, அது தன் பிரதியைத் திரும்ப எழுதிவிடும். வெளியேறிவிட்டு, எழுத்துத் திரையில் உள்நுழைந்து திருத்த வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்எஃப்கான்ஃப்-குவெரி கட்டளை வழியாகவே மாற்ற வேண்டும்.

இப்போது நினைவக எண்ணைப் பற்றி. ஃப்ரீ கட்டளையை ஓட்டிவிட்டு, ஃப்ரீ என்ற பத்தியில் நூறு எம்பிதான் இருக்கிறது என்று பயப்படுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை, வட்டில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. ஒரு பயன்பாட்டுக்குத் தேவை வந்ததும் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் அவைலபிள் பத்தியை. அது நிறைய இருக்கும்வரை ஒன்றும் கவலை இல்லை. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை.

அவைலபிளும் குறைய ஆரம்பித்தால்? 2 ஜிபி கணினியில் குறையத்தான் செய்யும். அங்கே என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய உதவி இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) வைத்து, அதில் போடும் நினைவகப் பக்கங்களை அமுக்கி வைக்கும் உத்தி இது. வட்டுக்கு எழுதிப் படிப்பதைவிட ரேமுக்குள்ளேயே அமுக்கி விரிப்பது பல மடங்கு வேகம். 2014 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ஃபெடோரா 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இதைப் பயன்படுத்துகிறது. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் பொதியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளை மாற்றினால் போதும்: அமுக்கும் முறைக்கு இசட்எஸ்டிடி, அளவுக்கு ரேமில் பாதி. இதை வைத்த பிறகு, முன்பு நாலைந்து தாவல்களிலேயே உறைந்துபோன அந்தக் கணினி அதைவிட நிறையத் தாவல்களைத் தாங்கியது. டெஸ்க்டாப்பை மாற்றியதால் கிடைத்ததைவிட இதனால் கிடைத்தது அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

இதோடு இயர்லிஊம் என்ற சிறு சேவையையும் வைப்பேன். ரேமும் ஸ்வாப்பும் முழுக்கத் தீர்ந்தால் லினக்ஸ் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். சுட்டிகூட நகராது, பொத்தானை அழுத்தி அணைப்பதைத் தவிர வழி இருக்காது. இரண்டிலுமே மீதி பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும், அதிகம் விழுங்கும் நிரலை இயர்லிஊம் முந்திக்கொண்டு நிறுத்திவிடும். ஒரு தாவல் போகும், கணினி பிழைக்கும்.

அந்த அதிகம் விழுங்கும் நிரல் எப்போதுமே பிரவுசர்தான். டெஸ்க்டாப்பில் நாம் இழைத்து இழைத்து மிச்சம் பிடிக்கும் ஐம்பது எம்பியை ஒரு தாவல் ஒரே கணத்தில் கொண்டுபோய்விடும். இன்றைய பிரவுசர்கள் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையாக ஓட்டுகின்றன. பாதுகாப்புக்கு அது அவசியம், ரேமுக்கு அது சுமை. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் அபவுட்:அன்லோட்ஸ் என்று அடித்தால், திறந்தே கிடக்கும் தாவல்களை மூடாமல் நினைவகத்திலிருந்து மட்டும் இறக்கிவைக்கலாம். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி இல்லாமல் பழைய கணினியில் இணையத்தைத் திறக்கவே மாட்டேன். பக்கத்தோடு வரும் விளம்பர நிரல்கள் இறங்காமலே போனால் ரேமும் செயலியும் இரண்டும் மிச்சம்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட முடிந்தால் போட்டுவிடுங்கள். அதன் பிறகு இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துரு வராமல் போகலாம், அப்போது எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபான்ட்ஸ்-தமில் என்ற பொதியோ நோட்டோ எழுத்துருக்களோ நிறுவினால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டுக் கருவி, கூடவே எம்17என் பொதி. அதில் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கின்றன. க்னோமில் ஐபஸ் ஏற்கெனவே பின்னப்பட்டு வருவதால் உடனே வேலை செய்யும். லேசான டெஸ்க்டாப்களில் அதைத் தொடங்கிவைப்பதும், ஜிடிகே, க்யூட், எக்ஸ் மூன்றுக்கும் எந்த உள்ளீட்டு முறை என்று சூழல் மாறிகளில் சொல்வதும் நம் பொறுப்பு. டெபியனில் ஐஎம்-கான்ஃபிக் கருவியை ஓட்டினால் அதுவே இந்த மாறிகளை எழுதிவிடும். இதில் ஒன்று விடுபட்டால், ஒரு பயன்பாட்டில் தமிழ் அடிக்க வரும், பக்கத்து ஜன்னலில் வராது. அப்படி நடந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்காமல் நேரே அந்த மாறிகளைப் பாருங்கள். டெர்மினலில் மட்டும் தமிழுக்குப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவது இன்றும் பல டெர்மினல்களில் தீராத குறை, அது தீர வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை உண்டு.

இனி எக்ஸ் எவ்வளவு காலம் என்ற கேள்வி. எக்ஸின் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதற்கு மாற்றாக வேலேண்டை கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கினார். பெரிய டெஸ்க்டாப்கள் ஏறக்குறைய மாறிவிட்டன. லேசானவை இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கின்றன. 2024 நவம்பரில் வந்த எல்எக்ஸ்கியூட்டி 2.1, வேலேண்ட் அமர்வுக்கு எந்த காம்போசிட்டர் வேண்டும் என்று நம்மையே தேர்ந்தெடுக்க விடுகிறது. அடுத்த மாதமே வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலேண்ட் ஆதரவு சோதனை நிலையில் இருக்கிறது. ஓப்பன்பாக்ஸின் கடைசி வெளியீடு 2015-இல் வந்த 3.6.1, அது வேலேண்டுக்கு வரப்போவதில்லை. ஆனால் லேப்டபிள்யூசி என்ற புதிய காம்போசிட்டர் ஓப்பன்பாக்ஸின் வழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதே ஆர்சி.எக்ஸ்எம்எல், அதே மெனு.எக்ஸ்எம்எல் வடிவங்களைப் படிக்கிறது. ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ் 2024 அக்டோபரில் இதையே இயல்பான தேர்வாக்கிவிட்டது.

என் பழைய ஓப்பன்பாக்ஸ் கோப்புகளை லேப்டபிள்யூசியின் கோப்புறையில் வைத்துப் பார்த்தேன். மெனு அப்படியே விரிந்தது, பெரும்பாலான விசைகளும் வேலை செய்தன. டின்ட்2 எக்ஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது என்பதால் பேனலுக்கு வேபாருக்குப் போக வேண்டியிருந்தது. திரைப் பூட்டுக்கு ஸ்வேலாக், பின்னணிப் படத்துக்கு ஸ்வேபிஜி. தமிழ் உள்ளீடு ஜிடிகே பயன்பாடுகளில் சரியாக வருகிறது, எக்ஸ் பயன்பாடுகளை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடும் பழைய பயன்பாடுகளில் இன்னும் தடுமாறுகிறது. அது சரியாகும்வரை அன்றாட வேலைக்கு எக்ஸ் மேல் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ-யையே வைத்திருக்கிறேன். லேப்டபிள்யூசி உள்நுழைவுத் திரையில் இரண்டாவது தேர்வாக இருக்கிறது.